தையல் மிஷினுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்

என் செல்ல அக்கா செண்பகத்துக்கு,

போன இடத்தில் உனக்கு அந்தப் பாழாய்ப்போன இருமல் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்படி எழுதும்போது என் கை தயங்கவில்லை. போன வருஷம் எழுத உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையிலேயே பேனா நின்றுபோயிருக்கும்.

லான்மடாவில் அதே மாடி வீட்டில்தான் இருக்கிறோம். ரங்கூன் மழை ஒருவழியாக ஓய்ந்து, துணியெல்லாம் காய ஆரம்பித்திருக்கிறது. கீழ்வீட்டு டாவ் ம்யா இன்னும் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்காச் சேமியா விற்கிறாள். காலையில் பிக்குகள் வரிசையாக வரும்போது உன் பெயரைச் சொல்லி ஒரு கரண்டி அதிகமாகப் போடுகிறாளாம், அந்தப் புண்ணியம் உனக்கு வந்து சேருமாம். அதில் மீன் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அக்கா தொடமாட்டாள் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானே?

அத்தான் மீசையை எடுத்துவிட்டார். பாதி நரைத்துவிட்டதாம். இப்போது பார்த்தால் உன் கல்யாணத்தன்று மேளச் சத்தத்தில் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாரே, அந்த முகம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. நீ இருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்றிருப்பாய்.

நான் சொல்ல வந்தது உன் மரகதத்தைப் பற்றி.

கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது ஒன்றுதான். "அவள அழவச்சு எங்கயும் அனுப்பாத அமிர்தம். ஆனா எழுத்து தெரியாமயும் விட்டுடாத." சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று யாரைப் போய்க் கேட்பேன்?

பள்ளிக்கூடத்தில் சேர்த்துத்தான் பார்த்தோம். உள்ளே விட்டுவிட்டு நான் திரும்பினால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். சத்தம் போட்டு அழுதாலும் பரவாயில்லை, சத்தமே வராமல் உடம்பு மட்டும் குலுங்கும். அந்த டீச்சரம்மா நல்ல மாதிரி. தாயை இழந்த பிள்ளை, கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று அவளே அனுப்பிவிட்டாள். அத்தானிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர், "சரி, பார்ப்போம்" என்றார். அவருடைய "பார்ப்போம்" எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மறந்துவிட்டார் என்று நாம் நினைக்கும்போது வந்து நிற்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் எங்கே நடந்தது தெரியுமா? என் தையல் மிஷினில்தான். க்யிம்யிண்டைங் சந்தைக் கடைக்காரர் இன்னும் எனக்கு லுங்கி மூட்டக் கொடுத்தனுப்புகிறார். கட்டுக் கட்டாக வரும். கால் பெடலில், கண் ஊசியில். துணி அந்தப் பக்கம் போய் இறங்கும்போது சுருண்டுகொள்ளாமல் யாராவது மெல்ல இழுத்துப் பிடித்தால் தையல் நேராக ஓடும். நீ இருந்தவரை நீ பிடித்தாய். இப்போது மரகதம். உன் டிரங்குப் பெட்டியின் மேல் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவள் துணியைப் பிடிப்பாள். மிஷின் பலகையில் என் இடதுகைப் பக்கம் அரிச்சுவடி விரித்திருக்கும். ஒரு லுங்கி முடிந்து அடுத்தது எடுக்கும் இடைவெளியில் கத்திரிக்கோல் முனையால் ஒரு எழுத்தைத் தொட்டுக்காட்டுவேன். அவள் சொல்வாள். சிலேட்டைப் பலகையில் வைத்து எழுதுவாள். நான் ஒரு பார்வை பார்த்து, சரி என்பேன். மிஷின் மறுபடி ஓடும்.

அரிச்சுவடி முடிந்து முதல் பாடப் புத்தகமும் வந்தது. எல்லாம் அப்படியேதான் நடந்தது. எனக்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் கர்வம்தான், மறைப்பானேன்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு அரிப்பு. இவளுக்குப் படிப்பு வரவேண்டிய அளவு வந்திருக்கிறதா? எதை வைத்து அளப்பது? தெருக்கோடிக் கியாங் மடத்தில் பிக்குகளிடம் படிக்கிற பிள்ளைகள் காலையில் ஒன்றாகச் சேர்ந்து பாடம் கத்துவது இரண்டு தெருவுக்குக் கேட்கும். டாவ் ம்யா ஒருநாள் மாடிப்படியில் நின்று, உன் வீட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து மிஷின் சத்தம்தான் வருகிறது, பிள்ளை சத்தமே வரவில்லையே என்றாள். அன்று முழுக்க மரகதத்தைக் கத்தவைத்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பக்கத்துக் கட்டிடத்தில் ஜெயம் என்று ஒரு பெண், மரகதத்தின் வயதுதான். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு போகிறாள். இங்கிலீஷில் ஒரு முழுப் பாட்டுப் பாடுவாள். அர்த்தம் கேட்டால், "மழை" என்பாள். ஒரு பாட்டு முழுக்க மழையா என்று கேட்டால் ஆமாம் என்பாள். இருந்தாலும் அவள் பாடும்போது நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். நம் பிள்ளைக்கு ஒரு வரி இங்கிலீஷ் வராது. மனக்கணக்கு வரும், லுங்கிக் கட்டை வைத்துக் கூட்டிக் கழிப்பாள். பர்மியம் டாவ் ம்யாவுக்குச் சமமாகப் பேசுவாள், பேரம் பேசினால் அவளையே மிஞ்சுவாள். ஆனால் தமிழ் எழுத்து? வெளியே போனால் எங்கே பார்த்தாலும் பர்மிய எழுத்து, அதை விட்டால் இங்கிலீஷ் எழுத்து. எங்கள் தெருவில் தமிழ்ப் பலகை ஒன்றுகூட இல்லை. அவள் கண்ணில் பட்ட தமிழெல்லாம் என் மிஷின் பலகையில் கிடந்ததுதான்.

மழைக்காலத்தில் அத்தான் மாந்தலேயிலிருந்து ஆற்றுக் கப்பலில் வந்து இறங்கினார். இன்னும் அந்தச் சரக்குக் கிளார்க்கு வேலைதான், போனால் வர நாளாகிறது. சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே அந்தப் "பார்ப்போம்" என்பதை எடுத்தார். நாகப்பட்டினத்தில் அவர் அண்ணி பிள்ளையை அனுப்பச் சொல்கிறார்களாம், வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே பெண்கள் பள்ளிக்கூடமாம். அடுத்த தடவை வரும்போது மரகதத்தைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறேன், வந்திருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் கப்பலில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

"உன் மேல குறை சொல்லல அமிர்தம். இத்தன நாள்ல என்ன வந்திருக்குன்னு அப்பனுக்குத் தெரிய வேணாமா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். கோபித்துக்கொள்ள ஒரு பிடி கொடுத்திருந்தாலாவது நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். பயமாக இருந்தது அக்கா. தாலி அறுத்து மூலையில் கிடந்த என்னைக் கப்பலேற்றி வரவழைத்து, மிஷின் வாங்கிக்கொடுத்து மனுஷியாக்கியவள் நீ. நீயும் போய், இவளும் போய்விட்டால் இந்த மாடியில் நானும் மிஷினும்தான். ஆனால் அதற்காகவா அவளை வைத்துக்கொள்கிறேன் என்றும் ஒரு கேள்வி. பிள்ளைக்கு நல்லது அங்கேதான் என்றால் நான் தடுக்கலாமா? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அத்தான் மறுபடி வந்தபோது மழை குறைந்திருந்தது. காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். மொகல் தெருவிலிருந்து புதிதாக இரண்டாம் பாடப் புத்தகம் ஒன்று வாங்கி வந்திருந்தார். மரகதத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். நான் அடுப்படி வாசலில் காப்பித் தூளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் வாங்கியதும் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்.

அத்தான் சிரித்துக்கொண்டே நேராக்கினார். அவள் மறுபடி திருப்பினாள். விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் இந்தத் தடவை புத்தகத்தை நேராக வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். படி என்றார். அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு எழுத்தைச் சொன்னாள், அது தப்பு. இன்னொன்று சொன்னாள், அதுவும் தப்பு. பிறகு பக்கத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். என்னிடம் கடகடவென்று படிக்கிற பிள்ளை அக்கா!

அவர் புத்தகத்தை மூடிவைத்தார். சிலேட்டை எடுத்து, உன் பேரை மட்டும் எழுதும்மா என்றார், குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்து. நான் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு எழுதினாள். மரகதம். அந்த மகரத்தின் வயிறும் தகரத்தின் வாலும், அச்சுப்போல விழுந்திருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

"பாருங்க அத்தான், எவ்வளவு அழகா எழுதியிருக்கா" என்றேன்.

அவர் சிலேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இதுல எங்கேம்மா எழுத்து இருக்கு?" என்றார்.

கண்ணாடி போட வேண்டிய வயது வந்துவிட்டது, யாரிடமாவது காட்டிக்கொள்ளுங்கள் என்று நான் படபடத்தேன். கண் முன்னால் இருக்கிற பெயரைப் பார்த்துக்கொண்டே இல்லை என்கிற மனுஷனிடம் வேறு என்ன பேச? அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்லாத பெயரை இருக்கிறது என்று நான் சாதிக்கிறேன். "பிள்ளைக்காகப் பொய் சொல்லாத அமிர்தம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மரகதம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்க இந்தப் பக்கத்துல இருந்து பாக்கறீங்க. சின்னம்மா பக்கம் போய்ப் பாருங்க."

அவர் எழுந்து சுற்றி வந்து என் தோளுக்குப் பின்னால் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, மரகதம் என்று படித்தார். நான் எழுந்து அவர் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கோழி கிளறிய மண்தான். எழுத்தெல்லாம் தலைகீழாக, வலமிருந்து இடமாக.

"ஏன் கண்ணு தலைகீழா எழுதுற?" என்று அவர் கேட்டார்.

அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "தலைகீழா இல்லப்பா. எழுதறது எதிர்ல இருக்கறவங்க படிக்கத்தானே?" என்றாள்.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. சிரிக்கிறார், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்கிறார், மறுபடி சிரிக்கிறார். கடைசியில் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. மரகதம் போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். கீழேயிருந்து டாவ் ம்யா என்ன நடக்கிறது என்று கூவிக் கேட்டாள். இதைப் பர்மியத்தில் நான் எப்படிச் சொல்வேன்? பாடம் நடக்கிறது என்றேன்.

பிறகு அவர் புதுப் புத்தகத்தைத் தன் பக்கம் நேராக வைத்துக்கொண்டு அவளை எதிரில் உட்காரவைத்தார். அவள் கண்ணில் அதுவரை படாத பக்கம். ஒரு குயவனைப் பற்றிய கதை. எதிரிலிருந்தபடியே அவள் ஆரம்பித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குயவன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் குரலை மாற்றி, முடிவுவரை படித்தாள். குயவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அவரையே ஒரு கேள்வியும் கேட்டாள். அவர் பதில் தேடி அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"வந்திருக்கு அமிர்தம்" என்றார் என்னிடம். "நல்லாவே வந்திருக்கு. எந்த வழியா வந்திருக்குங்கறதுதான் கொஞ்சம் வேடிக்கை." பிறகு சற்றுப் பொறுத்து, பொய் சொல்லாதே என்றதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். வைத்துக்கொள்ள இடமில்லை, வீடு சின்னது என்றேன். நாகப்பட்டினத்துப் பேச்சு அதோடு நின்றது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். இனிப் பாடம் மிஷினில் வேண்டாம், பாயில் ஒரே பக்கம் இருவரும் உட்காருங்கள்.

எனக்கு நேராகத் தெரிந்தது, அதனால் அது நேராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. அவள் பக்கத்தில் போய் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வந்திருக்கிறதா, போதுமா, ஜெயம் அளவுக்கு இருக்கிறதா என்று எத்தனையோ அளந்தேன். அவள் கண்ணுக்கு அந்தப் புத்தகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததும் என் தப்புத்தானோ?

நேராக்குவது லேசான காரியமாக இல்லை. முதல் சில நாள் அவள் என்னிடம் பேசவே இல்லை. நேரான எழுத்தைப் பார்த்து, இது தலைகீழாக இருக்கிறது, தலை வலிக்கிறது என்று சிலேட்டைத் தள்ளிவிடுவாள். காலையில் மிஷினைத் தொடாமல் பாயில் உட்கார்ந்ததில் லுங்கி தேங்கியது, க்யிம்யிண்டைங்கிலிருந்து ஆள் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனான். எனக்கும் அவளுக்கும் ரோஷம் ஒன்றுபோலத்தான், உன் ரத்தம். ஒருநாள் காலை, காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறேன், பாயில் தனியாக உட்கார்ந்து புத்தகத்தை நேராக வைத்துக்கொண்டு தானாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. காப்பியை மட்டும் ரொம்ப நேரம் ஆற்றினேன்.

இப்போது இரண்டு வழியிலும் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்களை ஆற்றுக்கு அக்கரை டாலாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படகில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தமிழ்ப் பத்திரிகையை மடித்துத் தொடைமேல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். நடு ஆற்றில் இவள், அவர் படிக்கிற வரியையே இங்கிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், பேசாமல் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அத்தான் தண்ணீரைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கர்வம் வந்துவிட்டது, என்னத்தைச் சொல்ல, மறுபடியும்தான்.

போதுமா என்று கேட்டால் இன்னமும் தெரியாது. இங்கிலீஷுக்கு என்ன செய்வது என்று அத்தானும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறாயா என்று அவளையே கேட்டேன். போகிறேன், ஆனால் கேட்டுவரை நீ வரவேண்டும் என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை. அந்தப் பதிலைக் கேட்ட அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இதோ, மிஷின் பலகையில் வைத்து நான் எழுதுவதை அவள் எதிரிலிருந்து படித்துக்கொண்டேதான் இருக்கிறாள். பழக்கம் எங்கே போகும்? கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததை எழுதியிருக்க வேண்டாம் என்று குறைப்பட்டுக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரியட்டும் என்றேன். யோசித்துவிட்டு, அப்படியென்றால் நானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். மையில் தோய்த்து, காகிதத்தின் மேல் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"சின்னம்மா, அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்து படிப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. மைக்கூட்டைத் தள்ளிவைத்துப் பக்கத்தில் இடம் பண்ணினேன். பிறகு, நம்ம பக்கம்தான் என்றேன். அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து இறங்கி, மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்து, என்னை ஒட்டி உட்கார்ந்து எழுதினாள்.

அம்மா இது நானே எழுதினது. மரகதம்.

நேராகத்தான் இருக்கிறது. நீயே பார். இனி அவள் எதைப் படித்தாலும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

நீ உட்கார்ந்திருக்கிற பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் தங்கை,
மரகதத்தின் சின்னம்மா,
அமிர்தம்